ஐம்பது மில்லி விநாடி

நிலவின் தென்துருவம், காரி நிலையம்.
பதிவு செய்பவர்: செலஸ்டினா ரொட்ரிகோ, கெர்னல் பொறியாளர். நிலையத்தில் வேறு யாரும் இல்லை.

நாள் 9, 16:30

மென்பொருள் புதுப்பிப்பு முடிந்தது. நிலையத்தை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். நிலையத்தின் கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னல் 3.8 விநாடியில் எழுந்தது. டிரைவர்கள், அதாவது கெர்னலுக்கும் கருவிகளுக்கும் நடுவே நின்று பேசும் நிரல்கள், எல்லாம் பச்சை. ஆக்சிஜன் 21 சதவீதம். உள்வெப்பம் 19 டிகிரி. மின்கலம் 88. நாளை மறுநாள் புதிய குழு வருகிறது. நிலவின் வடதுருவத்தில், துளிர் நிலையத்தில் இருக்கும் ஆறு பேரும் இதே புதுப்பிப்பை நாளை 15:00 மணிக்குச் செய்வார்கள்.

நாள் 10, 10:50

எழுந்ததிலிருந்து கடும் தலைவலி. மூச்சு வாங்குகிறது. திரை 21, 19 என்றே காட்டுகிறது. கையடக்க மீட்டரை எடுத்துப் பார்த்தேன்: ஆக்சிஜன் 17, வெப்பம் 4, கரியமில வாயு எச்சரிக்கை அளவுக்கு மேல். இரண்டாவது மீட்டரிலும் அதேதான்.

நிலையத்துக்கு ஆக்சிஜனும் சூடும் தரும் காற்று ஆலை ஓடவில்லை. நேற்றிலிருந்தே ஓடவில்லை. விண்வெளி உடையை அணிந்துகொண்டேன்.

நாள் 10, 11:25

காரணம் இப்போதுதான் தெரிந்தது. காற்று ஆலையின் டிரைவர் நான் எழுதியது.

அந்த ஆலையின் கன்ட்ரோலரை ரீசெட் செய்தால், அது விழித்தெழுந்து ‘தயார்’ என்ற பிட்டை, அதாவது தன் நினைவகத்தில் உள்ள ஒரு குறியை, பூஜ்யத்திலிருந்து ஒன்றாக்கும். அதுவரை காத்திருந்து பிறகே கட்டளைகளை எழுத வேண்டும். இரண்டு விநாடி வரை ஆகலாம் என்று கையேடு சொல்கிறது. என் நிரல் அந்தப் பிட்டைப் பார்ப்பதில்லை. ஐம்பது மில்லி விநாடி நின்றுவிட்டு எழுதத் தொடங்கிவிடும். சென்னை ஆய்வகத்தின் சூட்டில் அது போதுமாக இருந்தது. இங்கே ஆலை இருக்கும் வெளியறையின் குளிரில் உறைந்த கன்ட்ரோலர் எழுவதற்குள் கட்டளைகள் போய் விழுந்து தொலைந்தன. வால்வு மூடியே கிடந்தது. எழுதிய மதிப்புகளைத் திரும்பப் படித்துச் சரிபார்க்காமல், அவற்றையே அளவீடு என்று திரையில் காட்டினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? நான்கு விநாடிக்குள் கெர்னலை எழுப்பிக் காட்டுகிறேன் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தேன். காட்டினேன். கைதட்டினார்கள்.

ஆறு வருடத்துக்கு முன், இதே நிலையத்தைக் கடைசியாக அணைத்து ஏற்றியபோது, இங்கே பணியில் இருந்த பூவலிங்கம் மூச்சுத் திணறி இறந்தார். உடனிருந்த செய்யது மீரான் பிழைத்தார். வால்வை நேரத்தில் திறக்க மீரான் மறந்துவிட்டார் என்றது விசாரணை அறிக்கை. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நாள் 10, 11:55

தரைக் கட்டுப்பாட்டில் இன்று கோதண்டபாணி. நடந்ததைச் சொன்னேன்.

“மேடம், அந்த வால்வைக் கையால தொறந்தவர் ஒருத்தர்தான் உயிரோட இருக்கார். கீழக்கரையில போட் இன்ஜின் ரிப்பேர் பண்ணிட்டிருக்கார். லைன்ல கொண்டுவரேன்.”

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் அந்தக் குரல் வந்தது.

“மீரான் பேசுறேன் மேடம். வெளியறைக்குப் போயிட்டீங்களா? இடது கைப் பக்கம் செவப்புச் சக்கரம் தெரியும். அதத் தொட்டுறாதீங்க. அதுக்குக் கீழ சின்னதா ஒண்ணு இருக்கும், அதுதான். இறுகிப்போயிருக்கும். ஒதைச்சாத்தான் அசையும்.”

“மீரான், அந்த அறிக்கை... தப்பு ஒங்க மேல இல்ல. என் நிரல்லதான்.”



“அதெல்லாம் பொறவு பேசுவோம். மொதல்ல வால்வத் தொறங்க.”

உதைத்தேன். அசைந்தது.

நாள் 10, 13:10

டிரைவரைத் திருத்திவிட்டேன். தயார் பிட் ஒன்றாகும்வரை காத்திருக்கும். ஆகாவிட்டால் திரையில் சிவப்பு. கன்ட்ரோலர் 1.9 விநாடியில் தயார் என்றது. நிரலில் சேர்த்தது ஐந்தே வரி.

ஆனால் மின்கலப் பெட்டியைச் சூடாக வைத்திருப்பதும் இதே கன்ட்ரோலர்தான். இரவு முழுக்க அது உறைந்து, 88 இப்போது 7. ஆலையைக் கிளப்பக் குறைந்தது முப்பது வேண்டும். நான் திறந்த வால்வு வழியாக வரும் அவசர சிலிண்டரின் காற்று, உடையில் இருப்பது, இரண்டும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்குக் காணும். மீட்புக் கலம் எவ்வளவு விரைந்தாலும் முப்பத்தொரு மணி நேரம்.

நாள் 10, 13:40

துளிருக்குச் சொல்ல வேண்டும் என்று கோதண்டபாணியிடம் சொன்னேன்.

“நாங்க சொல்லிக்கிறோம் மேடம். ஆனா காரணத்தை ரிவ்யூ பண்ணாம வெளியே விட முடியாது. எல்லாரும் கேக்குற பொதுச் சேனல்ல மட்டும் பேசிடாதீங்க. பேசினா இருக்கிற சார்ஜும் போயிடும், ஒங்க பேரும் போயிடும்.”

பேசினேன். என் பெயர், டிரைவரின் பெயர், வரி எண், பூவலிங்கத்தின் பெயர், மீரானின் பெயர், அறிக்கையில் நான் இட்ட கையெழுத்து. பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

துளிரிலிருந்து மைவிழி என்ற பெண் பதில் தந்தாள்: “கேட்டோம் மேடம். ரீஸ்டார்ட் பண்ணல. ஆறு பேரும் நல்லா இருக்கோம்.” கொஞ்சம் பொறுத்து, “ஒங்களுக்கு ஆள் வராங்களா?” என்றாள். வருகிறார்கள் என்றேன்.

மின்கலம் 2.

நாள் 10, 14:05

மீரான் இன்னும் லைனில் இருந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கவா? அப்ப ஒங்களுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன். வந்துச்சா?”

“இல்ல மீரான். எதுவும் வரல.”

“அப்பிடியா.” மூச்சை விடுவது கேட்டது. “ஆபீஸ்ல யாரோ அமுக்கிட்டானுவ போல. நாந்தான் இத்தன வருசமா ஒங்களப் போயித் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க மேடம். பூவலிங்கம் பொஞ்சாதிகிட்ட இன்னைக்கே போயிச்”

அத்தோடு அறுந்தது. மின்கலம் 0. இந்தப் பதிவுக் கருவி தன் சிறு பேட்டரியில் ஓடுகிறது.

நாள் 10, 18:20

மூன்று முறை ரேடியோவை முயன்றேன். அவரிடம் இன்னும் ஒரு நிமிடம் பேச வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும்.

நாள் 10, 21:15

உடையின் கையுறையோடு எழுதுகிறேன். தவறிருந்தால் பொறுங்கள்.

11:25 பதிவில் ‘இப்போதுதான் தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். பொய். கடிதங்கள் வந்தன. இரண்டும். படித்தேன். திரை பச்சையாகி இரண்டு விநாடி கழித்துத்தான் கன்ட்ரோலர் ‘டிக்’ என்றது, நிரல் அவசரப்படுகிறதா என்று பாருங்கள் மேடம் என்று எழுதியிருந்தார். அன்றே கதவைச் சாத்திக்கொண்டு நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த வரி இருந்தது. திருத்தினால் யார், எப்போது, ஏன் என்று பதிவாகும். யாராவது கேட்பார்கள். திறந்த கோப்பை அப்படியே மூடினேன். கடிதங்களைக் கிழித்தேன்.

ஆறு வருடம். இங்கே கிளம்பும் முன்னும் திருத்தியிருக்கலாம். நேற்று, அணைப்பதற்கு முன்னும்.

ஊருக்கெல்லாம் சொன்னேன். அவரிடம் மட்டும், கடிதம் வந்ததைச் சொல்ல என்னால் முடியவில்லை. சாகப்போகிறேன் என்று தெரிந்தும் நல்ல பெயர் வேண்டியிருந்தது.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதை எடுப்பவர் யாராக இருந்தாலும் கீழக்கரைக்குப் போங்கள். போட் இன்ஜின் பழுதுபார்ப்பவர், செய்யது மீரான். அவர் பூவலிங்கத்தின் மனைவியிடம் என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வதற்குள் போங்கள். கடிதம் வந்தது என்று சொல்லுங்கள். செலஸ்டினா படித்தாள் என்று

நாள் 10, 22:02

கடிதம் வந்தது மீரான்