ராணி அக்காவின் ஸ்கேன் போய்ச் சேர்ந்தது

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று என் பிடிவாதம்தான் ஜெயித்தது.

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் ராணி அக்காவுக்கு, கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் தலையில் ஸ்கேன் எடுத்தோம். ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்ல வேண்டிய டாக்டர் பெங்களூரில் இருக்கிறார். எங்கள் ஸ்கேன் சென்டர் முதலாளி அவசரப்பட்டார்.

"ஏதாவது ஃப்ரீ சைட்ல போட்டு லிங்க் அனுப்பிடும்மா."

"வேணாம் சார். லிங்க் கெடச்சவங்க எல்லாம் தொறந்து பாப்பாங்க. அக்கா தலைக்குள்ள இன்னா இருக்குன்னு ஊருக்கு எதுக்கு?" என்றேன்.

அந்த டாக்டரின் ஆஸ்பத்திரி சர்வருக்கே, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி எஸ்.எஃப்.டி.பி. என்ற பாதுகாப்பான வழியில் அனுப்பத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும், விட்ட இடத்திலிருந்தே மறுபடி அனுப்பினேன். ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் டாக்டரே போன் செய்தார். எல்லாப் படமும் தெளிவாக இருக்கிறதாம். கட்டி எதுவும் இல்லை, மாத்திரை போதும் என்றார்.

சென்டரிலேயே காத்திருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இன்னாடி பண்ணே நீ?"

"ஒரு ஃபைல் அனுப்பினேன்கா."

முதலாளி சென்டரைப் பூட்டும்போது, "இனிமே எல்லாத்தையும் அப்படியே அனுப்பு" என்றார்.

கண் சொக்குகிறது. தூங்கத்தான் மனமில்லை.