சுவரோரம் விட மறந்த இடம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் நின்றதா? அப்பாவுக்குக் கண் மருந்து வேளாவேளைக்கு விடுகிறாயா?

போன வாரம் ஒரு வீட்டில் தரைக்கு வினைல் என்ற பிளாஸ்டிக் பலகை பதித்தோம். வெயிலில் அது விரியும் என்பதால் சுவரோரம் ஒரு விரற்கடை இடம் விட வேண்டும். ஜன்னல் பக்கம் நான் மறந்து சுவரோடு ஒட்ட வைத்துவிட்டேன். மூன்றே நாளில் தரை கூடாரம் போல எழும்பிவிட்டது. மேஸ்திரி அது என் கூட்டாளி செய்த தப்பு என்று நினைத்து அவனைத் திட்டினார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவன் தன் பையை எடுக்கக் குனிந்தான்.

"அந்தப் பக்கம் போட்டது நான்தாங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நீயே பிரிச்சு சரி பண்ணு. சாயங்காலத்துக்குள்ள முடியணும்."

சுவரடியில் ஒட்டியிருந்த ஓரப்பட்டியைக் கழற்றி, பலகைகளின் ஓரத்தை ஒரு விரற்கடை அறுத்துத் திரும்ப வைத்தேன். தரை படிந்தது, இருவர் வேலையும் தப்பியது. முழங்காலில் லேசான வலி மட்டும்தான், கவலைப்படாதே.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, போனை கட் பண்ணிவிடாதே, வீட்டுச் சத்தம் கேட்டாலே போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

உன் வீட்டுக்காரன்