சுள்ளிக்கல் இல்லத்தில் ஒரு கட்டில்

மட்டாஞ்சேரி,
10-7-1983

அன்புள்ள தம்பி சங்கிலிப்பாண்டிக்கு, பக்கத்து வீட்டு மாயம்மாள் அக்காள் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

பம்பாயில் உன்னைப் பார்த்ததாகப் பிச்சைமணி வந்து சொன்னான். விலாசத்தையும் அவனிடம்தான் பிடுங்கினேன். சாயாக்கடையில் நிற்கிறாயாமே, கடை சொந்தமா, கூலிக்கா? தாடி வைத்திருக்கிறாயாமே, என்ன வேண்டுதல்? எதையும் குடைந்து கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும்.

உன் அம்மா மூக்கம்மாள் அத்தைக்கு இப்போது இரண்டு கண்ணும் மங்கல். சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன மாதம் அடுப்பு ஊதும்போது முந்தானையில் தீப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு விடுமுறை, ஓடிப்போய் அணைத்தேன். மற்ற நாளில் விடிந்தால் முனிசிபாலிட்டி வேலைக்குப் போய்விடுவேன். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சுள்ளிக்கல்லில் வயதானவர்களுக்கு ஒரு இல்லம் திறந்திருக்கிறார்கள். எப்படிப்பட்ட இடமோ என்று நானே போய்ப் பார்த்தேன். காலியாக இருந்த ஒரு கட்டிலில் படுத்தும் பார்த்தேன், அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். கஞ்சியும் பயறும் தருகிறார்கள், கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள், வெற்றிலை போட்டால் திட்டுவதில்லை. அத்தையிடம் சொன்னேன். சாயா எத்தனை தரம் என்று மட்டும் கேட்டாள். இரண்டு தரம் என்றதும் சரி என்றுவிட்டாள்.

ஆனால் கவனிக்க ஆளில்லாதவர்களைத்தான் அங்கே எடுப்பார்களாம். வீட்டைப் பார்த்து விசாரிக்க இல்லத்திலிருந்து ஓமனா சேச்சி வருவதாக இருந்தது. இங்கேதான் நம் ஆட்களின் புத்தி வேலை செய்தது. பெரிய மனுஷி வருகிறாள், வீடு பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று அக்கம்பக்கம் முழுவதும் கிளம்பிவிட்டது. அங்கம்மாள் குத்துவிளக்கைக் கொண்டுவந்தாள், ராசப்பன் ரேடியோவை வைத்தான், நான் என் பட்டுப்புடவையை அத்தைக்குக் கட்டிவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைப்பதுபோல ஏத்தன் பழமும் அல்வாவும் வைத்தோம். ஓமனா சேச்சி தின்றுவிட்டு, இந்த அம்மை என்னைவிட வசதியாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடுப்பையும் கருகின சேலையையும் பார்த்தாள். பிறகு, மக்கள் உண்டோ என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டும்படி அத்தைக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, உண்டு, ஒரே மகன், வருவான் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷமாக ஒரு வரி எழுதாதவனுக்காக ஏன் அப்படிச் சொன்னாய் என்று விடாமல் கேட்டேன். என் வாயால் அவனை இல்லையென்று சொல்லி, அங்கே அவனுக்கு ஒரு தலைவலி வந்தாலும் அது என்னால்தானே என்றாள். குடைந்து கேட்ட நானே அழுதுவிட்டேன்.

ஓமனா சேச்சி ஒரு வழி சொல்லியிருக்கிறாள். மகனே தன்னால் பார்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களாம். ஓணம் வரைக்கும் அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாள்.

நீயே வந்து கூட்டிப் போனால் எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. முடியாதென்றால், உனக்கு அங்கே என்ன கஷ்டமோ, நான் குற்றம் சொல்ல மாட்டேன். முடியாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அதை நேரே ஓமனா சேச்சியிடம் கொடுத்துவிடுவேன். அத்தைக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். ஆனால் தபால்காரன் குரல் கேட்டால் அத்தை சும்மா இருக்க மாட்டாள். அதனால் இன்னொரு தாளில், அம்மா, நான் சுகம் என்று ஒரு வரி எழுது. அதை மட்டும் அவள் கையில் கொடுக்கிறேன். படிக்கக் கண் இல்லை, உன் எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. இது என் வார்த்தை இல்லை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் உன் அம்மா தினமும் சொல்வது.

இப்படிக்கு,
மாயம்மாள் அக்காள்