மேடத்துக்கு மாடம்பாக்கத்தில் வீடு பார்த்தது

ஜூன் 3, செவ்வாய்
இன்று மேடத்தின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இடது பின்னங்கால் எலும்பு கூடிவிட்டது. நொண்டல் ஆயுசுக்கும் இருக்கும் என்றார் டாக்டர். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ அடித்துக் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து நாற்பத்தோரு நாள். பெயர் வைக்காதீர்கள், வைத்தால் அனுப்ப மனசு வராது என்றவள் என் மனைவி ஜோசலின். 'மேடம்' என்று கூப்பிடுபவளும் அவள்தான்.

ஜூலை முதல் தேதி மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அதற்குள் இதற்கு ஒரு வீடு பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் காப்பகம். அங்கே இருநூறு நாய்கள். நொண்டிக்குத் தட்டில் என்ன மிஞ்சும்?

ஜூன் 11, புதன்
குட்டியைத் தருவதாகப் போட்ட விளம்பரத்துக்கு ஒன்பது போன். பெட்டைக்குட்டி என்றதும் ஆறு பேர் வைத்துவிட்டார்கள். நொண்டும் என்றதும் இரண்டு பேர். மிஞ்சியவர் ஹேமநாத் – மாடம்பாக்கம், ஐ.டி. வேலை, அம்மாவோடு இருக்கிறார். "பரவால்ல சார், நானும் ஒண்ணும் ஓடப்போறதில்ல" என்றார்.

ஜூன் 14, சனி
முப்பத்து நாலு வருஷ நிருபர் வேலையில், ஒரே ஆள் சொன்னதை நம்பி ஒரு வரி எழுதியதில்லை. ஹேமநாத்திடம் சொல்லாமல் மாடம்பாக்கம் போனேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி, துலுக்காணம். பையன் எப்படி, கோபக்காரரா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்? எதற்கென்று சொல்லாமல் கேட்பது தொழில் பழக்கம்.

"தங்கமான புள்ள சார். குடி கெடையாது, பீடி கெடையாது. அம்மாவ கண்ணு மாதிரி பாத்துகினு கீது. சார் இன்னா ஊரு?"

மளிகைக் கடையிலும் இதே பதில். எதிர் வீட்டில் காபியே கொடுத்து, என் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எதற்கு இத்தனை உபசாரம்?

ஜூன் 15, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வருவதற்குள் ஹேமநாத்தின் அம்மா சரிதா போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"பொண்ணு என்னங்க படிச்சிருக்கு?"

அடக் கடவுளே! தெருவில் இப்படி விசாரிப்பது பெண் வீட்டார் மட்டும்தான் என்பது எனக்கு எப்படி மறந்தது? இரண்டு வருஷமாக வரன் தட்டிப்போகிற பையனாம். தெருவே வந்து வாழ்த்தியிருக்கிறது. நாய்க்குட்டிக்காகத்தான் என்றேன். வேறெப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டார்.

ஜோசலின் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிப்போனது.

ஜூன் 16, திங்கள்
ஹேமநாத்: "அம்மா நாயே வேணாம்றாங்க சார். ஆபீஸ்ல வேற ட்ரீட் கேக்கறாங்க."

இருந்த ஒரே வீட்டையும் நானே கெடுத்தேன்.

ஜூன் 21, சனி
மேடத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். சரிதா உட்காரச் சொல்லவில்லை.

"தெருவெல்லாம் கேட்டீங்க. அவன் காலைல போனா ராத்திரிதான் வரான். பகல் பூரா இதப் பாத்துக்கப் போறது நானு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நேற்றுச் சேர்ந்த நிருபர்கூடச் செய்யாத தப்பு. இப்போது கேட்டேன். நாய் வளர்த்ததில்லை, பயம் என்றார். அதற்குள் மேடம் கூடையிலிருந்து குதித்து, நொண்டியபடியே போய் அவர் முந்தானையைக் கவ்வி இழுத்தது.

"ஏய், விடு! கொஞ்சமாவது வெக்கம் இருக்கா ஒனக்கு?"

திட்டுதான். ஆனால் முந்தானையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஜூன் 25, புதன்
கீழ்வீட்டு ஞானம்மாள் மாடியேறி வந்தார். "மாடம்பாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்து விசாரிச்சாங்கண்ணா. நாய் யாரையாவது கடிச்சுதா, நீங்க உண்மை பேசற ஆளான்னு."

என்ன சொன்னீர்கள்?

"நாய் நல்ல நாய்னு சொன்னேன்."

ஜூன் 28, சனி
மேடம் போயாயிற்று. ஹேமநாத்தின் பைக்கில், சரிதாவின் மடியில். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு
மாடம்பாக்கம் போனேன். சரிதா கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரல் வைத்தார்.

"தூங்கறா. அஞ்சு மணிக்கு மேல வாங்க."

இப்போது மூன்றே கால். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.