பெரிய எழுத்து

ஒக். 21, திங்கள்
விடிய மழை. கிணற்றடி முழுக்கச் சேறு. மானிப்பாயில் கண் டொக்டர். இனிக் கண்ணாடியின் பவரைக் கூட்டிப் பயனில்லையாம். ‘இருக்கிற பார்வையைக் கவனமாய் வைச்சிருங்கோ’ என்றார். பெட்டிக்குள் பூட்டி வைக்கவா?

கந்தசஷ்டி வருகிறது. கோயிலில் புராணம் படிப்பது நான். பாட்டுக்குப் பாட்டு பயன், அதுதான் பொருள், சொல்வது சிவபாதம் அண்ணை. எதிரெதிரே இருந்தே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. போன வருடமே எனக்கு எழுத்துத் தெரியவில்லை. பாதிக்கு மேல் மனப்பாடம். பக்கத்தை மட்டும் நேரத்துக்குப் புரட்டினேன். நல்ல காலம், ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒக். 22
மகள் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய டப்லெட் மறுபடியும் மேசையில். ஒரு வருடமாய் நான் அலுமாரியில் வைக்க வைக்க, மனைவி கமலா எடுத்து வெளியே வைக்கிறாள்.

“இஞ்சருங்கோ, முழுப் புராணமும் இதுக்குள்ளை கிடக்கு. எழுத்தைப் பெருவிரல் அளவுக்குப் பெருப்பிக்கலாம்.”

“சாமிக்கு முன்னாலை நாடகம் பாக்கிற பெட்டியை வைக்கச் சொல்லுறீரோ? உறையும் தோல். கோயிலுக்குள்ளை போகாது.”

கழற்றி எறிந்தாள். “இப்ப போகும்.”

வாய் கூடிவிட்டது. இரவு பிட்டு, மாம்பழம்.

ஒக். 26, சனி
வாங்க: தேங்காயெண்ணெய், திரி, பனடோல்.

சிவபாதம் அண்ணை சைக்கிளில் வந்தார். இந்த முறை பதிவு செய்த படிப்பை ஒலிபெருக்கியில் போடலாம் என்று நிர்வாகசபையில் கதையாம்.

“அதிலை பிழை வராதாம் தம்பி. கண் எப்பிடி உமக்கு?”

“ஒரு குறையும் இல்லை அண்ணை.”

தேத்தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார். இத்தனை வருடம் தொண்டை கிழியப் படித்தவனுக்குப் பதில் ஒரு பெட்டி! பின்னேரம் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி. அழுகை வந்தது.

ஒக். 28, திங்கள்
கமலாவிடம் கேட்டேன். கேட்கவே கூசியது. அவள் டப்லெட்டைப் போட்டுக் காட்டினாள். நான் வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் தள்ள, “ஐயோ, எச்சில் பண்ணாதேங்கோ” என்று சத்தம்.

மணமில்லை, பாரமில்லை. எவ்வளவு படித்தோம் என்று கைக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை. ஆனால் எழுத்துத் தெரிகிறது. ஒவ்வொன்றாய், முழுதாய். ஒரு வருடத்தை வீம்பில் தொலைத்த மடையன் நான்.

ஒரு பாட்டில் கடைசி இரண்டு வரியையும் இவ்வளவு நாளும் விட்டுவிட்டே படித்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லையே.

ஒக். 31
தீபாவளி. மகளின் போன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நவ. 2, சனி
சஷ்டி தொடக்கம். பட்டு விரித்த பலகையில் டப்லெட். சபைத் தலைவர் முகம் சுளித்தார். ஐயர் புத்தகத்துக்கு வைக்கிற மாதிரி அதன் கண்ணாடியில் சந்தனம் வைக்க, பக்கம் எங்கோ ஓடிவிட்டது. பின்னால் சிரிப்பு. தேடிப் பிடித்துப் படித்தேன். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அந்த இரண்டு வரியும் வந்தபோது சிவபாதம் அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பயன் சொன்னார். போன வருடம் சொன்ன அதே பயன்.

வெளியே சைக்கிளடியில் கேட்டேன்.

“நான் விட்ட வரிக்கும் சேர்த்தே சொல்லி வந்தனீங்கள், என்ன?”

“ஓம். வேறை என்ன செய்யிறது?”

“ஆக்களுக்குத் தெரியாதுதானே?”

அண்ணை பூட்டைத் திறந்தார். “தம்பி, போன சஷ்டியிலை ஒருநாள் நீர் புத்தகத்தைத் தலைகீழாய் வைச்சுப் படிச்சனீர்.”

வீட்டுக்கு வந்தேன். கமலா சோறு போட்டாள். கோயிலில் அவள் இருப்பது எப்போதும் முன் வரிசை. போன சஷ்டி முடிந்த கையோடுதான் டப்லெட் வந்தது. மகளிடம் கேட்டது யார் என்று நான் கேட்கவில்லை. குழம்பு உறைப்பு என்று சத்தம் போட்டேன்.