ஜன்னலில் தொங்கும் கம்பளி

ஹோல் பண்ணை,
1952 டிசம்பர், வியாழன் மாலை.

அன்புள்ள ரன்வெய்குக்கு,

எய்விந்துர் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நாய் கோலுரும் நலம். அங்கே உன் நலம் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

நாளைக் காலை யோனாதன் தபால் பையை முதுகில் போட்டுக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டையில் படகுத்துறைக்குப் போகிறான். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். பசு ஹுப்பாவிடம் பால் கறந்தாயிற்று. அது உன்னைத் தேடுகிறது. நான் காம்பைத் தொட்டால் திரும்பிப் பார்த்து, "இவனா?" என்பதுபோல் ஒரு பெருமூச்சு விடுகிறது. பாலும் குறைந்துவிட்டது.

நேற்று உன் சித்தி ஹெர்டிஸ் போன் செய்தார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டாய், கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாய் என்றார். அதற்கு மேல் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. "அவளுக்கு அந்தப் பள்ளத்தாக்க நெனச்சாலே ஆகலப்பா. இங்கயே மீன் கம்பெனில வேல தேடிக்கறேங்கறா. பண்ணைக்கு வரமாட்டாளாம். கொஞ்ச நாளைக்கு விடு" என்றார். சரி, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். என்னால் விட முடியவில்லை, ரன்வெய்க்.

உன்னைப் போனுக்குக் கூப்பிடச் சொல்லவில்லை. ஒரே போன் கம்பியில் ஒன்பது வீடு. நம் வீட்டுக்கான மணி இரண்டு நீளம் ஒரு குட்டை என்பது நம் இருவருக்கு மட்டுமா தெரியும்? அடித்த உடனே பள்ளத்தாக்கு முழுக்க ரிசீவர் மேலே ஏறும். ஆள் ஏற ஏறக் குரல் தேய்ந்துகொண்டே போகும். போன வருஷம் நீ துறையிலிருந்து பேசியபோது, "எல்லாருக்கும் வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? இப்ப நான் என் புருஷன்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கட்டுமா?" என்றாய். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் காதுக்கும் இல்லை. அழ வேண்டியதை அத்தனை பேர் நடுவில் நீ எப்படி அழுவாய்? அதனால்தான் கடிதம்.

உனக்குப் பேறு ஆன அன்று சாயங்காலம் இங்கே நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்கிறேன். வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. வடக்கு ஒளி பச்சைத் திரைபோல அசைந்து, இந்த மலை விளிம்பிலிருந்து அந்த மலை விளிம்புவரை ஓடியது. வாசலில் நின்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளி ஆடும் நேரத்தில் பேறுகால வலி தெரியாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதை நினைத்துக்கொண்டு, "நல்லா ஆடு, இன்னும் நல்லா ஆடு" என்று வானத்தைப் பார்த்துச் சத்தம்போட்டேன். கோலுர் என்னை ஒரு மாதிரி பார்த்தது. அப்போதுதான் நம் மணி அடித்தது.

ஓடிப்போய் எடுத்தேன். உன் நாள் நெருங்கிவிட்டது எல்லாருக்கும் தெரியும். ஒரு வீடு பாக்கியில்லாமல் எடுத்துவிட்டார்கள். சித்தி பேசுகிறார் என்பது தெரிகிறது, எறும்பு பேசுவதுபோல. "என்ன? என்ன?" என்று நான் கத்துகிறேன். நம் வீடு கம்பியின் கடைசியில். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகக் கேட்கும். அப்போது ஒரு 'டக்'. யாரோ ரிசீவரை வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'.

நம் பள்ளத்தாக்கில் நல்ல சேதிக்கு யாரும் போனை வைத்ததில்லை. யோனாதனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது கம்பியிலேயே கூட்டமாகப் பாடினார்களே. மூன்றாவது 'டக்' கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக வைக்க வைக்கச் சித்தியின் குரல் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் பக்கத்து அறையில் நின்று பேசுவதுபோல் கேட்டது. பையன் என்றார். மூச்சு விடவே இல்லை என்றார். நீ பிழைத்துக்கொண்டாய் என்றார். இத்தனை நாள் இவர்கள் ஒட்டுக்கேட்பதற்காக நான் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு மட்டும் யாராவது ஒருவர் கம்பியில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாளே கிளம்பியிருப்பேன். விடிவதற்குள் புயல் வந்துவிட்டது. கணவாய் மூடிக்கிடந்தது, படகும் நின்றுவிட்டது. கொட்டகைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்வந்தேன். காற்று நின்று படகு ஓட ஆரம்பித்த அன்று, நீ யாரையும் பார்க்க விரும்பவில்லை, என்னையும்தான் என்று சேதி வந்தது. பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அது இன்னும் அவிழ்க்காமல் கிடக்கிறது.

பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று சித்தியிடம் கேட்டேன். அன்று இறந்துபோன செசெல்யா என்ற அம்மாளின் சவப்பெட்டியில், அவர் கைவளைவில் வைத்து அடக்கம் செய்தார்களாம். வாழ்நாளெல்லாம் அந்த ஊர் மீன்துறையில் ஹெர்ரிங் மீனுக்கு உப்பிட்டவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வாய் ஓயாமல் பேசுகிறவர் என்றார் சித்தி. எனக்கு ஒரு ஆறுதல். பேச்சுத்துணை இருக்கிறது. தனியாக வைத்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். பேறு முடிந்ததும் நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாயாம், "நான் பாத்துட்டேன்" என்று. சித்திக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு வடக்கு ஒளியைப் பார்க்கக் கூடாது, பிள்ளைக்கு மாறுகண் வரும் என்று ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து பெட்ரீனா சொல்லிவிட்டுப் போனாள். நீ சிரித்தாய். மறுநாள் பார்த்தால் அடுப்படியின் வடக்கு ஜன்னலில் பழுப்புக் கம்பளியை ஆணியடித்து மாட்டியிருந்தாய். கையில் துணியோடு அந்த ஜன்னலில் நின்று, உருளைக்கிழங்கு தீய்வதுகூடத் தெரியாமல் ஒளியைப் பார்க்கிறவள் நீ. அதற்குப் பிறகு கொட்டகைக்குப் போகும்போதெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தாய். "இருக்கா?" என்பாய். "இருக்கு" என்பேன். "என்ன நிறம்?" "பச்ச. ஓரத்துல கொஞ்சம் ரோஸ்." "போதும் போதும், சொல்லாத, ஆசையா இருக்கு" என்று கையை இன்னும் இறுக்குவாய். பிறகு ஒரு நாள் வழியில் உறைபனி வழுக்கி மல்லாந்து விழுந்தாய். நான் தூக்குவதற்குள் வானம் முழுவதும் உன் கண்ணில் பட்டுவிட்டது. அன்று நீ அழுததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை பெட்ரீனா வந்தாள். புகையிட்ட ஆட்டுத்தொடை ஒன்றை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை. "அன்னிக்கி நான் மட்டும் போன வைக்கலப்பா. வைக்க மனசு வரல. மூச்சப் புடிச்சிட்டு நின்னேன். நீ அழுதத நான் கேட்டேன், கோவிச்சுக்காத" என்றாள். கோபம் எங்கே வந்தது? போய் அந்தக் கிழடான கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சொன்னாள்: "அட பாவி மவளே! ஏழு பேறுகாலத்துலயும் நான் பாத்தேன்ப்பா. பாக்காம? மாட்டுக்கொட்டகைக்கு யாரு போறது, பாதிரியாரா? ஒவ்வொரு ராத்திரியும் அண்ணாந்து பாத்துட்டுத்தான் போனேன். ஏழும் கல்லு மாதிரி இருக்கு. நடுவுலவனுக்கு மட்டும் மாறுகண்ணு. அது அவங்கப்பன் வீட்டுச் சொத்து, வானத்து மேல பழி போட முடியாது." அப்படியானால் ரன்வெய்கிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். "எனக்குச் சொன்னாங்க, நானும் சொன்னேன். மாசமா இருக்கறவகிட்ட ஏதாவது சொல்லணும்ல? சும்மா எப்படிப் போறது?" என்றாள். அப்புறம் ஏப்ரன் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். போனில் அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். ஆனால் ஏழு பிள்ளைகளும் கம்பியில் கேட்குமாம், மாறுகண் பேச்சு வேறு. "நீ எழுது. பெட்ரீனா ஒரு வாயாடி, அவ பேச்சுல ஒண்ணும் இல்லன்னு எழுது. அவ கால்ல வேணும்னாலும் விழறேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ரன்வெய்க், நீ பார்த்ததால் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாதாம். தெரியாததைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாதியை இங்கே கொண்டு வா. அவன் எனக்கும் பிள்ளை.

வீட்டில் எல்லாம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. கம்பளியை நான் கழற்றவில்லை. அன்று போன் வந்ததிலிருந்து நானும் வானத்தைப் பார்ப்பதில்லை. உன்மேல் சத்தியமாக ஒரு காரணமும் இல்லை, நிமிர முடியவில்லை, அவ்வளவுதான். இப்போதும் கோலுர் வாசலில் நின்று மேலே பார்த்துக் குரைக்கிறது. இருக்கும்போல. என்ன நிறம் என்று கேட்க ஆளில்லாதபோது பார்த்து என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை போகும் படகு புதன்கிழமைதோறும் திரும்பி வருகிறது. இந்தப் புதனிலிருந்து சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டு துறைக்கு வருவேன். நீ இறங்கவில்லை என்றால் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்புவேன், வருத்தப்பட மாட்டேன். அடுத்த புதனும் வருவேன். வந்தால் அந்தக் கம்பளியை உன் கையால் கழற்று. கழற்ற மனமில்லை என்றால் தொங்கட்டும். நாம் ஜன்னல் இல்லாத வீட்டில்கூட இருந்துகொள்ளலாம்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி.

உன்,
எய்விந்துர்.

பி.கு. நீ பிடித்து இழுத்து இழுத்து என் கம்பளிச் சட்டையின் இடது கை நீண்டுபோய் விரல்வரை தொங்குகிறது. பெட்ரீனா பிரித்துப் பின்னித் தருகிறேன் என்று கேட்டாள். கொடுக்கவில்லை.