புது நீதிபதிக்கு ஒரு செவ்வந்தி மாலை

அக்கா,

இன்று காலை பிரிஞ்சாங் கடைத்தெருவில் பூக்கடைக்காரர் ஒரு கூடை ஈரச் செவ்வந்தியைக் கொட்டினார். அந்த வாசம் வந்ததும் நான் தனியாகச் சிரித்துவிட்டேன். "என்னா டீச்சர், பூவப் பாத்து சிரிக்கிறீங்க?" என்றார். அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடமே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தாய் இறந்து, தகப்பன் போன இடம் தெரியாமல், ஏழு வயது மல்லிகா உங்களிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். நீங்கள் தேயிலைக் கொழுந்து பறிப்பவர், கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கு உறவும் இல்லை. பிள்ளையை உங்களிடமே விடுவதா, ஈப்போ பக்கம் ஓர் அநாதை இல்லத்துக்கு அனுப்புவதா என்று வழக்கு. அவளுடைய ஆசிரியை என்பதால் நானும் கோர்ட்டுக்கு வந்தேன்.

முதல் நீதிபதி நிதானமானவர். நம் இருவரையும் பொறுமையாக விசாரித்து, அடுத்த தவணையில் தீர்ப்பு என்றார். அதற்குள் அவருக்கு மாற்றல். வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பாராம். "அவரு நம்ம மொகத்தப் பாத்தவரு டீச்சர். இவருக்கு நாம வெறும் காயிதந்தான்லா" என்று அழுதீர்கள். பாடம் பாதியில் நிற்கும்போது வேறு ஆசிரியர் வந்தால் பிள்ளைகள் விழிப்பார்களே, அப்படித்தான் நாமும் விழித்தோம்.

மறுநாளே உங்களுக்கு ஒரு யோசனை. தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தால், தொழிலாளர் லயமே திரண்டு மாலை போடும். "இவரும் புதுசா வந்த தொரதான? வெறுங்கையோட எப்படிப் போறது?" நான் வேண்டாமென்றால் கேட்டீர்களா! கோர்ட்டுக்குப் போகும் லோரியில் குலுங்கிக்கொண்டே செவ்வந்தி மாலையைக் கட்டி முடித்தீர்கள்.

கோர்ட்டில் மல்லிகா மாலையை இரு கையாலும் ஏந்தி, நேராக நீதிபதியை நோக்கி நடந்தாள். மொழிபெயர்ப்பாளர் பதறிக் குறுக்கே வந்தார். "ஐயோ பாப்பா! இங்க மாலையெல்லாம் போடக் கூடாது." நீதிபதி புன்னகையை அடக்கிக்கொண்டு மலாய் மொழியில் ஏதோ சொன்னார். "வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள் நகரவில்லை. "எந்த வீட்டுக்கு?"

அதை மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னதும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். முந்தையவர் பெரியவர்களைத்தான் கேட்டிருந்தார். இவர் அவளை அருகே அழைத்து, வீட்டில் யார் யார் என்று கேட்டார். அத்தை (உங்களை அப்படித்தானே கூப்பிடுவாள்), செவலை ஆடு, முட்டையிடாத கோழி என்று தொடங்கியவள், அத்தை காய்ச்சும் கஞ்சியில் உப்பு போதாது என்பதுவரை சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி, கோர்ட்டுலயா சொல்லுவ!" என்றீர்கள் நீங்கள். அதையும் மொழிபெயர்த்தார்கள். அறையில் சிரிக்காதவர் இல்லை.

நீதிபதி நலத்துறை அதிகாரி அம்மாவை லயத்துக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அடுத்த தவணையில், பிள்ளை உங்களிடமே என்று தீர்ப்பு. அதுவரை அந்த மாலை உங்கள் வாசல் ஆணியில் காய்ந்து தொங்கியது. எடுக்க அவள் விடவில்லை.

அதே பிள்ளை, அதே வீடு, அதே தாள்கள். நாற்காலியில் ஆள் மட்டும் மாறினார். தீர்ப்பு வேறு பக்கமும் திரும்பியிருக்கலாம். அதனால்தான் ஓய்வுபெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்பில் நுழைந்ததும், முன்பிருந்தவர் சொன்னதை ஒருபுறம் வைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் முதலில் கேட்பேன்: "உங்க வீட்ல யார் யாரு?"

நாளை மல்லிகா பேரப்பிள்ளையோடு என்னைப் பார்க்க வருகிறாள். இப்போது உங்கள் கஞ்சிக்கு உப்பு அவள் போடுவதுதான். உங்கள் வாசலுக்கென்று அவளிடம் கொடுத்துவிட ஒரு மாலை வாங்கினேன்.

"கோயிலுக்கா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா, வீட்டுக்கு."